வெறும் வள்ளத்துக்குப் பாரம்

குணமணியின் வீட்டில் அந்த வாரம் முழுவதும் ஒவ்வொரு பொருளிடமும் ஒரே கேள்வி கேட்கப்பட்டது. "நீ வருகிறாயா, இங்கேயே நிற்கிறாயா?"

கேட்டவர் குணமணியின் அம்மா ஞானமணி. அவர் ஒரு சட்டியைக் கையில் எடுப்பார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு வலப்பக்கத்திலோ இடப்பக்கத்திலோ வைப்பார். வலப்பக்கம் வைத்தவை புதுவீட்டுக்குப் போகும். இடப்பக்கம் வைத்தவை அயல்வீடுகளுக்குப் போகும். ஆறு வயதுத் தம்பி தவம் எப்பொழுதும் வலப்பக்கத்திலேயே உட்கார்ந்தான். தன்னையும் யாராவது இடப்பக்கம் வைத்துவிடுவார்களோ என்று அவனுக்குச் சிறிது ஐயம் இருந்தது.

அவர்கள் திருகோணமலை நகரத்தை விட்டுக் கிளிவெட்டிக்குக் குடிபெயர இருந்தார்கள்.

குணமணியின் அப்பா மூத்ததம்பி ஒரு கொல்லர். வெள்ளைக்காரரின் கடற்படை துறைமுகத்தில் இருந்த காலத்தில், அங்கேயிருந்த இரும்புப் பட்டறையில் அவர் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை செய்தார். அந்தக் கடற்படை கப்பலேறிப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன் பின்பு அவர் வீட்டின் பின்னாலிருந்த கொட்டிலில் உலை வைத்து, வருகின்ற வேலைகளைச் செய்தார். ஆனால், வருகின்ற வேலை மாதந்தோறும் குறைந்துகொண்டே போயிற்று.

கிளிவெட்டியோ வயல்கள் சூழ்ந்த ஊர். கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூரில் இறங்கி, அங்கிருந்து வண்டியிற் போகவேண்டும். அங்கே அறுவடை தொடங்க ஒரு மாதமே இருந்தது. அரிவாள் தட்டவும் மண்வெட்டி தோய்க்கவும் அவ்வூரில் ஒரு கொல்லர் தேவை என்று அம்மாவின் அண்ணன் கடிதம் எழுதியிருந்தார். சிறிய வீடு ஒன்றையும், அதனோடு சேர்ந்த கொட்டிலையும் அவரே பேசி வைத்திருந்தார்.

ஆகவே, போவது முடிவாகிவிட்டது. எப்படிப் போவது என்பதுதான் முடிவாகவில்லை.

அதற்குக் காரணம் பட்டடை.

பட்டடை என்பது, பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கின்ற பெரிய இரும்புக் கட்டி. கடற்படையினர் போகும்போது நடந்த ஏலத்தில் அப்பா அதை வாங்கினார். அதன் நிறை இரண்டு அந்தர். ஓர் அந்தர் என்றால் நூற்றுப் பன்னிரண்டு இறாத்தல். பள்ளிக்கூடத்தில் நிறுத்துப் பார்த்தபோது பதினொரு வயதுக் குணமணி ஐம்பத்தாறு இறாத்தல் இருந்தாள். எனவே, அந்தப் பட்டடை நான்கு குணமணிகளுக்குச் சமம்.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவளும் குணமணியே. பிறகு ஏன் கண்டுபிடித்தோம் என்று வருந்தினாள். வீட்டுக்கு யார் வந்தாலும் தவம் அவர்களைக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்று, "இஞ்ச பாருங்கோ, நாலு அக்கா" என்று பட்டடையைக் காட்டத் தொடங்கிவிட்டான்.

அப்பா முதலில் லொறிக்காரர் ஒருவரிடம் விசாரித்தார். மூதூருக்குத் தரைவழியாகப் போவதானால் சுற்றிப் போகவேண்டும். வழியிலே பல துறைகளில், 'பாதை' என்று சொல்லப்படும் மிதவையில் லொறியை ஏற்றி அக்கரை சேர்க்கவேண்டும். அதனால் அவர் தொண்ணூறு ரூபாய் கேட்டார். அப்பா பிறகு ஆட்களை ஏற்றி மூதூருக்குப் போகின்ற மோட்டார் லோஞ்சுப் படகில் விசாரித்தார். லோஞ்சுக்காரர் வந்து பட்டடையைப் பார்த்தார். காலால் மெல்லத் தட்டியும் பார்த்தார். இது ஏறினால் தாங்கள் இறங்கவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

அப்பாவிடம் இருந்ததோ நாற்பது ரூபாய். புதுவீட்டுக் கொட்டிலுக்குக் கிடுகு வேய்வதற்கும், கரி வாங்குவதற்கும், அறுவடைவரைக்கும் அரிசி வாங்குவதற்கும் அந்த நாற்பது ரூபாயே வேண்டும்.

புதன்கிழமை மாலை அவர் தம் முடிவைச் சொன்னார். பழைய இரும்பு வாங்குகின்ற வியாபாரி சனிக்கிழமை காலை வந்து பட்டடையை எடுத்துக்கொள்வார். மற்றப் பொருள்களும் வீட்டிலுள்ள நால்வரும் அன்று லோஞ்சிற் போகலாம். கிளிவெட்டியில் தண்டவாளத் துண்டு ஒன்றைத் தேடி, அதன்மேல் வைத்து வேலையைத் தொடங்கலாம்.

"தண்டவாளத்தில அரிவாள் தட்டலாம். மண்வெட்டி ஏலாது," என்று அவர் மெதுவாகச் சொன்னார். "அதுக்கென்ன, பார்ப்பம்."

மறுநாட் காலையில் குணமணி பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டபோது, அப்பா பட்டடையைத் துடைத்து எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். விற்கப்போகின்ற பொருளுக்கு எண்ணெய் எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. குணமணியும் கேட்கவில்லை. ஆனால், அன்று பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பாடம் ஒன்றும் காதில் ஏறவில்லை.

பிற்பகலில் அம்மா அவளை உள்துறைமுகக் கரையில் விறகு விற்கின்ற இடமாகிய விறகுகாலைக்கு அனுப்பினார். பீங்கான்களைச் சுற்றுவதற்குப் பழைய சாக்குகள் அங்கே சும்மா கிடைக்கும். பெட்டி வாங்குகின்ற செலவு மிச்சம்.

விறகுகாலைக்கு முன்னாற் கரையோரமாக ஒரு பாய்வள்ளம் நின்றது. அது மூதூரிலிருந்து விறகு கொண்டுவருகின்ற வள்ளம். அதன் சொந்தக்காரர் முத்தலிப் என்பவர். விறகு முழுவதையும் இறக்கியாகிவிட்டது. இப்போது அவரும், அவருடன் வேலை செய்கின்ற அன்ஸார் என்ற இளைஞரும் கரையிலே கிடந்த கற்களைத் தூக்கி வள்ளத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்ஸாரின் பெருவிரலிற் பெரிய துணிக்கட்டு ஒன்று இருந்தது. அவர் ஒற்றைக் கையாற் கல்லை நெஞ்சோடு அணைத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு நடந்தார். போன தடவை கல் ஒன்று விரலின் மேல் விழுந்துவிட்டதாம்.

குணமணி சாக்குகளை ஓரமாக வைத்தாள். தன்னால் தூக்கக்கூடிய சிறிய கற்களாகப் பொறுக்கிக் கொண்டுபோய் அன்ஸாரிடம் கொடுத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏழாவது கல்லைக் கொடுக்கும்போது, அண்ணன் என்ற பொருளில் முஸ்லிம்கள் வழங்குகின்ற 'நானா' என்ற முறையைச் சொல்லி, அவள் தன் ஐயத்தைக் கேட்டாள்.

"ஏன் நானா, மூதூரில கல்லு இல்லையோ?"

அன்ஸார் சிரித்துவிட்டார். முத்தலிப் சிரிக்காமற் பதில் சொன்னார்.

"அங்கயும் இரிக்கி புள்ள. இது விக்கிறதுக்கு இல்ல. வெறும் வள்ளம் காத்துக்கு நிக்காது. பாயை விரிச்ச உடன சாயும். அடியில பாரம் இரிக்கணும்."

அங்கே போனதும் இந்தக் கற்களை என்ன செய்வீர்கள் என்று குணமணி கேட்டாள். கரையில் எறிந்துவிடுவோம் என்றார் அவர். அடுத்த தடவை விறகோடு வந்து, விறகை இறக்கிய பின்பு, மறுபடியும் இங்கே கல் ஏற்றவேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவை இதே வேலைதான்.

குணமணி எட்டாவது கல்லைக் கையில் வைத்தபடியே நின்றாள். அதைக் கொடுக்க மறந்துவிட்டாள்.

"கல்லுத்தான் ஏத்த வேணுமோ, நானா?"

"பாரமா இருந்தாச் சரி. கல்லெண்டாக் கூலி கேக்காது."

"எங்கட பட்டடையும் கூலி கேக்காது," என்றாள் குணமணி.

முத்தலிப் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். என்ன பட்டடை, யாருடைய பட்டடை, எவ்வளவு நிறை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குணமணி எல்லாவற்றையும் சொன்னாள். பட்டடை இரண்டு அந்தர்; சம்மட்டிகளும் இரும்புக் கம்பிகளும் சேர்ந்து இன்னும் ஓர் அந்தர்; அவற்றைத் தவிர அம்மி, குழவி, உரல். உலக்கையும் உண்டு, ஆனால் அதைப் பாரத்திற் சேர்க்கலாமோ என்று தெரியாது என்றாள்.

முத்தலிப் தாடியைத் தடவிக்கொண்டு வள்ளத்தின் அடிப்பாகத்தைப் பார்த்தார். பிறகு அன்ஸாரின் விரலைப் பார்த்தார்.

"இப்ப ஏத்தின கல்லோட இண்டைக்குப் போறன். நாளைக்கு விறகோட வருவன். சனிக்கிழமை காலமை ஏழு மணிக்குப் பாய் விரிக்கிறது. அதுக்குள்ள உங்கட சாமானெல்லாம் கரைக்கு வந்தா, கல்லு ஏத்த மாட்டன். வரல்லையெண்டா கல்லை ஏத்திட்டுப் போயிருவன். வாப்பாட்டச் சொல்லுங்க."

கூலி எவ்வளவு என்று கேட்டாள் குணமணி. கல் சுமக்கின்ற வேலை மிச்சமாகிறதே, அதற்கு மேல் என்ன கூலி என்றார் அவர்.

குணமணி வீட்டுக்கு ஓடினாள். பாதி வழியிற் சாக்குகளின் நினைவு வந்தது. திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு மறுபடியும் ஓடினாள். கொட்டிலுக்குள் நுழையும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. சொல்லவேண்டியதை எல்லாம் ஒரே மூச்சிற் சொன்னாள்.

"அப்பா, மூதூர் வள்ளத்தில எங்களைப் பாரமா ஏத்திக்கொண்டு போகினமாம். காசும் வேண்டாமாம்."

அப்பாவின் கையிலிருந்த சுத்தியல் நின்றது.

"நான் இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் பாரமா இருந்ததில்லை, பிள்ளை. இனியும் இருக்க மாட்டன்."

அவர் சுத்தியலை வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். குணமணி பின்னாலே போய், அப்படியில்லை, வள்ளத்துக்குப் பாரம் வேண்டுமாம் என்றாள். யாரும் வேண்டுமென்று பாரம் கேட்பதில்லை, இந்தக் கதையை இத்துடன் விட்டுவிடு என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மாவும் அப்பாவின் பக்கமே நின்றார். காசு வாங்காமல் ஏற்றுகின்ற மனிதருக்கு மறுநாள் எப்படி முகங்கொடுப்பது என்பது அவருடைய கவலை.

கடற்கரையில் நல்லதாக இருந்த ஒரு சொல், வீட்டுக்குள் வந்ததும் எப்படிக் கெட்டுப்போயிற்று என்று குணமணிக்கு விளங்கவில்லை. அந்தச் சொல்லைச் சொல்லாமலே விடயத்தைச் சொல்ல வழியுண்டா என்று அவள் சிந்திக்கத் தொடங்கினாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அவள் ஒரு தேங்காயின் பொச்சுமட்டையை எடுத்தாள். அது பார்ப்பதற்குச் சிறிய வள்ளம் போலவே இருந்தது. அதன் நடுவில் ஈர்க்கு ஒன்றைக் குத்தினாள். பெரிய பூவரசம் இலை ஒன்றை அந்த ஈர்க்கிற் கோத்துப் பாயாக்கினாள்.

கொட்டிலில், காய்ச்சிய இரும்பைத் தோய்ப்பதற்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. குணமணி அதில் மட்டையை மிதக்கவிட்டு, தவத்தைக் கூப்பிட்டாள். அப்பா சற்றுத் தள்ளி நின்று ஆயுதங்களைச் சாக்கிற் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஊது," என்றாள் குணமணி.

தவம் ஊதினான். வள்ளம் உடனே பக்கவாட்டிற் சாய்ந்து, பாய் தண்ணீருக்குள் போயிற்று. நிமிர்த்தி வைத்தாள். அவன் மறுபடியும் ஊதினான். அது மறுபடியும் கவிழ்ந்தது. தவத்துக்கு இந்த விளையாட்டு மிகவும் பிடித்துவிட்டது.

பிறகு குணமணி தரையிற் கிடந்த இரும்பு நட்டு ஒன்றை எடுத்து மட்டையின் அடியில் வைத்தாள். தவம் ஊதினான். வள்ளம் ஆடியது, ஆனால் கவிழவில்லை. மெல்ல அசைந்து தொட்டியின் மறுகரையை நோக்கிப் போயிற்று. தவம் கன்னம் இரண்டும் உப்ப, கண்கள் சிவக்க, தன்னால் இயன்ற மட்டும் ஊதினான். வள்ளம் இன்னும் வேகமாகப் போயிற்றே தவிர, சாயவில்லை.

அப்பா எப்போது அருகில் வந்தார் என்று இருவரும் கவனிக்கவில்லை.

"உதென்ன விளையாட்டு?"

"இது முத்தலிப் நானாவின்ர வள்ளம், அப்பா. விறகை இறக்கினால் வெறும் வள்ளம். பாய் விரிக்க ஏலாது. அதுக்காக ஒவ்வொரு முறையும் அவையள் கல்லுச் சுமக்கினம்."

அப்பா குனிந்து நட்டை வெளியே எடுத்தார், தாமே ஊதினார். வள்ளம் கவிழ்ந்தது. நட்டை உள்ளே வைத்து மறுபடியும் ஊதினார். கரி படிந்த முகத்தோடு அப்பா கன்னத்தை உப்பிக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்துத் தவம் வாயைப் பொத்திக்கொண்டான்.

"அப்ப, அவர் கேட்டது இந்தப் பாரமோ?"

"ஓம், அப்பா."

அப்பா முகம் கழுவி, வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கடற்கரைக்குப் புறப்பட்டார். தாம் நேரிற் பேசாமல் எதையும் முடிவு செய்ய இயலாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போய்ச் சிறிது நேரத்தில் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. சனிக்கிழமை வரவேண்டிய பழைய இரும்பு வியாபாரி வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார். வேறு ஒரு வேலையாக வண்டி இந்தப் பக்கம் வந்ததாம். நாளைக்கு இன்னொரு தடவை வருகின்ற செலவு எதற்கு என்று நினைத்தாராம். அவருடன் இரண்டு ஆட்கள் வந்திருந்தார்கள்; வண்டியிற் பெரிய தராசு ஒன்றும் இருந்தது.

அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பேசியது பேசியதுதானே. வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை என்று மட்டும் சொன்னார். அதற்குள்ளே நிறுத்து வைக்கிறோம் என்று வியாபாரி சொன்னார். ஆட்கள் இருவரும் கயிற்றை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குள் போனார்கள்.

குணமணி அவர்களுக்கு முன்னாலே போய்ப் பட்டடையின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"அப்பா வருமட்டும் நான் இதில இருக்கிறன், ஐயா," என்று மரியாதையாகச் சொன்னாள். "அவர் குடுக்கச் சொன்னால் இறங்குவன்."

வியாபாரி இடுப்பிற் கையை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"பிள்ளையையும் சேர்த்து நிறுக்கட்டோ?"

"அப்ப அஞ்சு அக்கா," என்றான் தவம்.

அது அவருக்கு விளங்கவில்லை. ஆனால், ஆட்கள் இருவரும் கயிற்றைக் கீழே வைத்துவிட்டார்கள். சிறுமி ஒருத்தியைத் தூக்கி இறக்கிவிட்டு இரும்பு எடுப்பதற்கு அவர்களுக்கு மனம் வரவில்லை. அம்மா எல்லோருக்கும் தேநீர் ஊற்றினார். பட்டடையின் இரும்பு குளிர்ந்துபோய் இருந்தது. அதன் கூர்மையான விளிம்பு காலில் அழுத்தியது. குணமணி அசையாமல் இருந்தாள். அப்பா வந்து, கொடுத்துவிடு என்று சொன்னால் இறங்கத்தான் வேண்டும். அந்த எண்ணம் வரும்போதெல்லாம் அவள் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டாள்.

தேநீர் முடிகின்ற வேளையில் அப்பா வந்தார். வண்டியைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், பட்டடையின் மேலிருந்த மகளைப் பார்த்தார். நேரே வியாபாரியிடம் போனார்.

"குறை நினைக்காதேங்கோ, தம்பி. பட்டடை என்னோட வருது. உங்களை வீணா அலைய வைச்சது என்ர பிழை."

வியாபாரியின் முகம் சற்றுச் சுருங்கியது. அப்பா அவரை வீட்டின் பின்பக்கத்துக்கு அழைத்துப் போனார். துருப்பிடித்த தகரங்களும், உடைந்த வண்டிச்சில்லுப் பட்டங்களும், முறிந்த கம்பிகளும் அங்கே பல ஆண்டுகளாகக் குவிந்து கிடந்தன. அவற்றையும் எப்படியோ கொண்டுபோகவேண்டும் என்றே அப்பா எண்ணியிருந்தார். இப்போது அவை எல்லாம் தராசில் ஏறின. வியாபாரி ஒன்பது ரூபாய் எண்ணிக் கொடுத்துவிட்டு, வெறும் வண்டியோடு திரும்பவில்லை என்ற திருப்தியோடு போனார்.

குணமணி இறங்கினாள். கால் விறைத்துப் போயிருந்தது.

"முத்தலிப் நானா என்ன சொன்னவர், அப்பா?"

"பாரம் வேணுமெண்டு கேட்டுத்தான் எடுக்கிறன் எண்டார். பட்டடையை நடுவில வைக்கச் சொன்னார்." அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியிற் போட்டார். "உலக்கை பாரத்தில சேராதாம். ஆனா ஏத்துவாராம்."

பட்டடையைக் கரைக்குக் கொண்டுபோவதற்கும் குணமணி ஒரு வழி சொன்னாள். விறகுகாலைத் தள்ளுவண்டி ஒவ்வொரு காலையும் பக்கத்துத் தெருவிலிருந்த பேக்கரிக்கு விறகு கொண்டுவந்து இறக்கிவிட்டு, வெறுமையாகக் கடற்கரைக்குத் திரும்பும். வண்டிக்காரரைக் கேட்டபோது, நான்கு பேர் சேர்ந்து தள்ளினால் தமக்கென்ன என்றார்.

சனிக்கிழமை ஆறரை மணிக்குள் எல்லாப் பொருள்களும் கரையில் இருந்தன. முத்தலிப் பட்டடையைச் சுற்றி வந்து பார்த்தார். இவ்வளவு நிறையும் ஓரிடத்தில் இருந்தால் அடிப்பலகை தாங்காது என்றார். அப்பா, பட்டடை வைக்கின்ற மரக்குற்றியையும் இன்னொரு தடித்த பலகையையும் வள்ளத்தின் குறுக்குச் சட்டங்களின் மேல் நீளமாகப் போட்டார். அதன்மேற் சாக்கு விரித்தார்கள். ஆறு பேர் கயிறு கட்டிப் பட்டடையை இறக்கினார்கள். வள்ளம் ஒரு முறை அமிழ்ந்து, பிறகு அமைதியாக நின்றது.

உரலும் அம்மியும் பக்கங்களிற் போயின. அலுமாரியைப் படுக்கவைத்தார்கள். நிற்கவைத்தால் அதுவும் ஒரு பாய் ஆகிவிடும் என்றார் அன்ஸார்.

தானும் பாரமா என்று தவம் கேட்டான். முத்தலிப் அவனை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, பாரம் இல்லை, வாய்தான் கொஞ்சம் பெரிது என்று சொல்லி அம்மாவின் அருகில் வைத்தார்.

பாய் விரிந்தது. வாடைக்காற்று அதிற் புகுந்தது. நகரத்து வீடுகளும், மலைகளும், சீனன்குடாப் பக்கத்தில் வரிசையாக நின்ற எண்ணெய்த் தாங்கிகளும் மெல்ல மெல்லச் சிறுத்தன. உள்துறைமுகத்தைத் தாண்டிக் குடாவின் நடுவுக்கு வந்தபோது காற்று ஒரு முறை பலமாக அடித்தது. வள்ளம் ஒருபக்கம் சாய்ந்தது. அம்மா கண்களை மூடிக்கொண்டார். குணமணி அடியிலிருந்த பட்டடையையே பார்த்தாள். அது இருந்த இடத்திலேயே இருந்தது. வள்ளம் நிமிர்ந்துகொண்டது.

"கல்லை விட இது நல்லாக் குந்தியிரிக்கி," என்றார் முத்தலிப், சுக்கானைப் பிடித்தபடி. அப்பா தம் பட்டடையைப் பற்றி யாரோ புகழ்ந்தது போலத் தலையை ஆட்டினார்.

மூதூர்க் கரையில் இறக்குவதுதான் கடினமாக இருந்தது. கல்லென்றால் இந்நேரம் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம் என்று அன்ஸார் முணுமுணுத்தார். ஆனால், கட்டுப் போட்ட விரலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களுக்கு எப்படித் தூக்குவதென்று அவரே கட்டளையிட்டார்.

கிளிவெட்டியிலிருந்து மாட்டு வண்டி வந்து காத்திருந்தது. அதன் சொந்தக்காரர் வேலாப்போடி. எட்டு ரூபாய்க்கு மாமா பேசி அனுப்பியிருந்தார். வேலாப்போடி மணலில் இருந்த பட்டடையைக் கண்டதும் முகத்தைத் திருப்பித் தம் வண்டிச் சில்லைப் பார்த்தார்.

"இதை ஏத்த ஏலாது, அண்ணே. கடையாணி தேய்ஞ்சு போச்சு. மரக்கட்டையை அடிச்சுத்தான் ஓட்டிக்கொண்டு வந்தனான். இந்தப் பாரத்தோட போனால் பாதி வழியில சில்லுக் கழலும்."

கடல் கடந்து வந்த பட்டடை கரையில் மாட்டிக்கொண்டது. கடையாணி செய்து தருவதற்குப் பக்கத்திற் கொல்லர் யாராவது இருக்கிறாரா என்று அம்மா கேட்டார். கேட்டு முடிக்கும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்பா சட்டைக் கையை மடித்தார். மரக்குற்றியை மணலில் ஆழப் புதைத்து, அதன்மேற் பட்டடையை ஏற்றினார்கள். மணலிலே ஒரு குழி தோண்டி, பழைய கொட்டிலிலிருந்து சாக்கிற் கொண்டுவந்த மிச்சக் கரியைப் போட்டார். குணமணி தோலாற் செய்த துருத்தியை விரித்து, காற்று ஊத உட்கார்ந்தாள். கரி முதலிற் புகைந்தது, பின்பு சிவந்தது. கம்பித் துண்டு ஒன்று அதற்குள் போய், பழமாக வெளியே வந்தது.

பட்டடையின் மணிச்சத்தம் கரை முழுவதும் கேட்டது. வலை காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சந்தைக்கு வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். வேலாப்போடியின் மாடுகள் காதுகளை விறைத்துக்கொண்டன. அரை மணி நேரத்தில் இரண்டு புதிய கடையாணிகள் தண்ணீரில் விழுந்து சீறின.

வேலாப்போடி அவற்றைச் சில்லுகளில் மாட்டினார். வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். பிறகு, தாம் எட்டு ரூபாய் வாங்கப்போவதில்லை என்றார். அப்பா சம்மதிக்கவில்லை. வேலாப்போடியும் விடவில்லை. இறுதியில் வண்டிக்கும் ஆணிக்கும் சரி என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

"கிளிவெட்டியில எப்ப வேலை தொடங்குவீங்கள்?" என்று வேலாப்போடி கேட்டார்.

கிடுகு வேயவேண்டும், உலை கட்டவேண்டும், ஒரு கிழமையாவது ஆகும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் கூட்டத்திலிருந்த ஒருவர் தம் அரிவாளை நீட்டினார். அதன் பின்னால் இன்னொருவர் பிடி கழன்ற கத்தியோடு நின்றார்.

அவை முடிந்தன. இனிப் புறப்படலாம், துருத்தியை மடித்துக் கட்டு என்று அப்பா சொன்னார். குணமணி கயிற்றைச் சுற்றத் தொடங்கினாள். அப்போது வயற்பக்கத்திலிருந்து ஒருவர், வளைந்த மண்வெட்டி ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு, போய்விடாதீர்கள் என்று கையைக் காட்டியபடி மணலில் ஓடி வந்தார்.

அப்பா குணமணியைப் பார்த்தார். குணமணி கயிற்றை அவிழ்த்து, துருத்தியை மறுபடியும் விரித்தாள்.